கங்காணி முதல் மண்டோர் வரை: வேலைக்காட்டில் தலைமை

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது கேரி தீவு. தீவு என்ற பெயர் இருப்பினும் ஒரு பாலத்தைக் கடந்தால் அதனை அடைந்துவிடலாம். இலங்கையில் காப்பிப் பயிர்த்தொழிலில் ஈடுபட்டிருந்து பின்னர் மலாயாவுக்கு வந்த எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரே இத்தீவுக்கு நிலைத்தது. அவருக்கு முன்பும் பின்பும் அங்கே வாழ்ந்து வருபவர்கள் மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள். மரச் சிற்பத்திலும் முகமூடி செதுக்குவதிலும் பெயர் பெற்றவர்கள் அவர்கள். தொடக்கக் காலத்தில் தென்னையும் ரப்பரும் கண்ட அந்த மண்ணில் இன்று கண்ணுக்கு எட்டிய தொலைவு வரையில் செம்பனையே நிற்கின்றது.

கேரி தீவின் நிலம் மிகவும் தாழ்வானது. கடல்நீர் உட்புகாதவாறு கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, ஆங்காங்கே நீர்க்கதவுகள் அமைத்த பிறகே அங்கே பயிர்த்தொழில் இயன்றது. நீர் வற்றும் வேளையில் கதவைத் திறந்து உள்நீரை வெளியேற்ற வேண்டும். நீர் ஏறும் வேளையில் அதனை அடைத்துவிட வேண்டும். கடலின் ஏற்ற இறக்கம் நாள்தோறும் நேரம் மாறி வருவது. ஆகவே கதவுக்குப் பொறுப்பானவர் நள்ளிரவிலும் எழுந்து செல்ல நேரிடும். அவர் ஒரு வேளை அயர்ந்து உறங்கிவிட்டால் அந்த வட்டாரத்தின் பயிர் முழுவதும் உவர்நீரில் நிற்கும். அவருக்குப் பெரிய பதவி ஏதும் இல்லை. ஆயினும் பலருடைய உழைப்பின் பயன் அவர் கையில் உள்ளது. வேலைக்காட்டில் தலைமை என்று நாம் பேசும்போது இத்தகைய சிறிய பொறுப்புகளையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். துரையின் தலைமை பற்றி எழுதப் பலர் உள்ளனர். இருபது பேர், முப்பது பேர் கொண்ட ஒரு கும்பலை நாள்தோறும் வேலைக்கு இட்டுச் செல்லும் மண்டோரின் தலைமை பற்றி எழுதுவோர் குறைவு. நம் வாசகர்களுள் சிலர் இப்போது மண்டோர்களாக இருக்கலாம். பலர் நாளை அப்பொறுப்பை ஏற்கக் கூடும். அவர்களை எண்ணியே இப்பாடம் எழுதப்படுகின்றது.

கங்காணி என்ற சொல், கண்காணி என்பதன் திரிபாகும். கண்கொண்டு காண்பவன், மேற்பார்ப்பவன் என்பது பொருள். மலாயாவில் ரப்பர் பயிர் பெருகிய காலத்தில், தோட்டத்தில் உழைத்துப் பழகிய ஒருவரை நிர்வாகம் தேர்ந்தெடுத்து, ஆள்சேர்ப்பு உரிமச் சீட்டைக் கொடுத்து அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பி வைத்தது. அவர் தம் உற்றார் உறவினரையும் ஊராரையும் சேர்த்துக்கொண்டு கப்பலேறினார். ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்ட பின்னர் இம்முறையே மேலோங்கியது. 1907இல் அமைக்கப்பட்ட இந்தியக் குடியேற்ற நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. சட்டப்படி தொழிலாளி கடனின்றி வந்து இறங்கினார் என்றாலும் கங்காணியின் பிடி அத்துடன் தளர்ந்துவிடவில்லை.

அப்பிடிக்கு அடிப்படை யாது? கங்காணி உறவினர், ஊரார், பல வேளைகளில் சாதித் தொடர்பு உடையவர். ஊரில் நிலவிய மரியாதை முழுவதையும் அவர் லயத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அதற்கு மேலாகத் தலைக்காசு என்ற ஒன்றும் இருந்தது. தம் கும்பலிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலைக்கு வரும் தலை ஒன்றுக்கு இத்தனை காசு என அவருக்கு நிர்வாகம் கொடுத்து வந்தது. இதன் விளைவு எளிதில் விளங்கும். காய்ச்சலில் கிடப்பவரும் பெரட்டுக்கு வந்து நின்றால்தான் கங்காணிக்கு வருமானம். அவருடைய நலனும் அவருக்குக் கீழ் உழைப்பவரின் நலனும் எதிரெதிராக நிறுத்தப்பட்டன. நல்லவராக இருந்த கங்காணிகள் பலர் உண்டு. கோயில் கட்டியவர்கள், பள்ளிக்கூடத்துக்கு இடம் கேட்டுப் பெற்றவர்கள், கைம்பெண்களுக்கு ஆதரவாக நின்றவர்கள் இருந்தனர். எனினும் ஒருவருடைய நற்குணத்தை மட்டும் நம்பி நிற்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு ஆகாது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், 1937இல் வெளிவந்த தம் அறிக்கையில் கங்காணி வழி ஆள்சேர்ப்பைக் கைவிட வேண்டும் என்றே கருத்துரைத்தார். 1938இல் இந்திய அரசாங்கம், உதவி பெற்றுக் குடியேறும் முறையைத் தடை செய்தது. கங்காணியின் ஆள்சேர்க்கும் அதிகாரம் அத்துடன் முடிவுற்றது. அவருடைய குரல் மட்டும் வேலைக்காட்டில் நெடுநாள் ஒலித்தது.

அக்குரலுக்கு எதிரான மறுகுரல் எழுந்தது 1941ஆம் ஆண்டில். எழுந்த இடம் கேரி தீவுக்கு அண்மையில் உள்ள கிள்ளான் வட்டாரம். கிள்ளான் வேலைநிறுத்தம் என வரலாற்றில் குறிக்கப்படும் அப்போராட்டத்தைப் பெரியோர் வாயிலாகக் கேட்டறிந்த குடும்பங்கள் இன்றும் இருக்கலாம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதற்குத் தலைமை தாங்கியது. அச்சங்கத்தின் முன்னணியில் நின்றவர் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். போர்க்காலத்தில் விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. ரப்பருக்கு நல்ல விலை கிடைத்து வந்தது. ஆண் தொழிலாளியின் நாட்கூலியோ 50 காசாகவே நின்றது. எனவே கூலி உயர்வுக் கோரிக்கை எழுந்ததில் வியப்பில்லை. நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது மற்றக் கோரிக்கைகளையே.

சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும் என்று கேட்டவர்கள், துரைமாரும் பணியாளரும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். கொடுமை செய்யும் பணியாளர்களை நீக்கிவிட்டுத் தமிழ் அறிந்த, கற்ற மேற்பார்வையாளர்களை அமர்த்த வேண்டும் என்றனர். பெண்களிடம் வெள்ளையரும் அவரைப் போல் நடந்துகொண்ட ஆசியப் பணியாளரும் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்குக் கல்வி, நோயாளிக்கு மருத்துவம், கள்ளுக்கடை மூடல், உறவினர் தோட்டத்துக்குள் வந்து செல்ல உரிமை, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிப்பு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றையும் கேட்டனர். குறையை எடுத்துச் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று.

இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். காசு பற்றிய கோரிக்கைகள் சில. நடத்தப்படும் விதம் பற்றியவை பல. சைக்கிளை விட்டு இறங்குவதால் எவருக்கும் கைப்பொருள் குறைவதில்லை. ஆயினும் அது ஒரு மனிதனை அவனுடைய மனைவி மக்கள் கண்முன்னே நாள்தோறும் சிறுமைப்படுத்தியது. ஆட்சியாளர் இதனை உணரவில்லை. கூலியில் சில காசு சேர்த்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என எண்ணினர். 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும் வேலைநிறுத்தம் பல தோட்டங்களுக்குப் பரவியது. சிலாங்கூரில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. படையினர் வரவழைக்கப்பட்டனர். தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். நாதன் நாடுகடத்தப்பட்டார்.

அந்நாளின் மேற்பார்வையாளர்களைக் குறை கூறுவது எளிது. அவர்களுடைய நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேலிருந்து வரும் கட்டளை ஒரு புறம், கீழிருந்து எழும் முணுமுணுப்பு மறுபுறம். இரண்டையும் சுமந்தவர்கள் அவர்கள். கட்டளையைக் கீழே சுமந்து செல்லும் வழி மட்டுமே அவர்களுக்குத் திறந்திருந்தது. முணுமுணுப்பை மேலே கொண்டு செல்லும் வழி அடைபட்டிருந்தது. துரையிடம் சென்று, ‘ஐயா, சனங்களுக்கு இவ்வழக்கம் பிடிக்கவில்லை’ என்று சொல்லும் கங்காணி தம் வேலையை இழக்கக் கூடும். ஆகவே அவர் வாய் திறக்கவில்லை. கேரி தீவின் நீர்க்கதவை இங்கே நினைத்துக் கொள்ளலாம். உள்நீர் வெளியேறக் கதவு திறவாவிடில் கரை உடையும்.

போருக்குப் பின்னர் அக்கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் பல தனித்தனியே தோன்றி, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுபட்டன. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன் நெடுங்காலம் அதன் பொதுச் செயலாளராகப் பணியாற்றினார். பிற்காலத்தில் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் பதவியையும் ஏற்றார். கூலியும் வேலை நிபந்தனையும் முதலாளிமார் சங்கத்தோடு பேசி ஒப்பந்தமாக எழுதப்பட்டன. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டம் ஆகியவை பின்னர் வந்தன. தொழிற்சங்க உறுப்பினர் என்பதற்காக ஒருவரைப் பழிவாங்குவதைச் சட்டம் இன்று தடுக்கின்றது. 1941இல் கேட்கப்பட்டுக் குண்டுகளால் மறுமொழி பெற்ற கோரிக்கை அது.

எனவே இன்றைய மண்டோர் பழைய கங்காணி அல்லர். தலைக்காசு இல்லை. ஆள் சேர்க்கும் அதிகாரம் இல்லை. வேலையிலிருந்து நீக்கும் அதிகாரமும் இல்லை. பயம் காட்டுவதற்கு அவரிடம் ஏதும் இல்லை என்று சொன்னாலும் தவறாகாது. அவர் எதனைக் கொண்டு தலைமை தாங்குவது? இதுவே இன்றைய சிக்கல்.

ரப்பர் வெட்டுக் கும்பலை எடுத்துக்கொள்வோம். பொழுது புலர்வதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படுகின்றது. வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் மரத்தின் பால் நன்கு ஓடும் என்பதை வாசகர்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே மண்டோரின் முதல் சோதனை தொடங்குகின்றது. இருவர் வரவில்லை. அவர்களுடைய நிரையை யார் வெட்டுவது? எல்லா நிரையும் ஒன்று போல் இருப்பதில்லை. சமநிலத்தில் மரம் அடர்ந்து நிற்கும் நிரையும் உண்டு. மேட்டில் ஏறி இறங்கி, மரத்துக்கு மரம் எட்டி நடக்க வேண்டிய நிரையும் உண்டு. பால் வற்றிப்போன பட்டை காய்ந்த மரங்கள் மிகுந்த நிரையும் உண்டு. ஒரு வெட்டாளர் ஒரு நாளில் 500 மரங்களுக்கு மேலும் வெட்டுபவர். நிரையின் தரம் அவருடைய மாதச் சம்பளத்தையே மாற்றிவிடும். மண்டோர் தம் மைத்துனருக்கு நல்ல நிரையைக் கொடுத்துவிட்டார் என்று ஒருமுறை பேச்சு எழுந்துவிட்டால், அது உண்மையோ பொய்யோ, அதன் பிறகு அவர் சொல்லும் எந்தச் சொல்லுக்கும் கும்பலில் மதிப்பில்லை.

இதற்கு மருந்து ஒன்று உண்டு. ஆள் மாற்றி நிரை கொடுக்கும்போது அதன் காரணத்தை எல்லாரும் கேட்கும்படி களத்திலேயே சொல்லிவிடுவது. மேட்டு நிரையை ஒருவர் தொடர்ந்து சுமக்காதவாறு முறை வைப்பது. முறையை ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்து, கேட்பவர்க்குக் காட்டுவது. உறவினரை அதே கும்பலில் வைத்திருக்க நேர்ந்தால், கடினமான நிரையை முதலில் அவரிடம் கொடுக்கும் மண்டோர்களும் உள்ளனர். இது கொஞ்சம் மிகையானது என்றே எமக்குத் தோன்றுகின்றது. உறவினர் என்ற குற்றத்துக்காக ஒருவரைத் தண்டிப்பதும் நீதி ஆகாதன்றோ? முறைப்படி வருவது அவருக்கும் வந்தால் போதுமானது.

அடுத்த சோதனை வெட்டுத் தரம். உளி ஒவ்வொரு முறையும் எவ்வளவு பட்டையைச் சீவுகின்றது என்பதில் மரத்தின் ஆயுளே அடங்கியுள்ளது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறையில், மழை நாளும் விடுமுறையும் போக, ஆண்டுக்குச் சுமார் 150 வெட்டு எனக் கொள்வோம். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போனால் ஆண்டுக்கு இருபத்திரண்டரை சென்டிமீட்டர் தீரும். இரண்டு மில்லிமீட்டராகச் சீவினால் 30 சென்டிமீட்டர் தீரும். 150 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கிய பட்டை, முதல் கணக்கில் ஆறரை ஆண்டுக்கு மேல் வரும். இரண்டாம் கணக்கில் ஐந்தே ஆண்டில் முடிந்துவிடும். அரை மில்லிமீட்டர் என்பது நகக்கனம்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாடு ஒன்றரை ஆண்டு உற்பத்தியைத் தின்றுவிடுகின்றது. ஆழமும் அப்படியே. பால்குழாய்கள் மிகுந்திருப்பது மரத்தை ஒட்டிய உட்பட்டையில். அதற்காக ஆழமாக வெட்டி மரத்தில் காயம் ஏற்படுத்திவிட்டால், மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மீண்டும் அப்பகுதியில் உளி வைக்க இயலாது.

இவை அனைத்தையும் வெட்டாளர் அறிவார். அறிந்தும் பட்டை கனமாகப் போவதற்குக் காரணங்கள் உள்ளன. உளி தீட்டப்படாமல் இருக்கலாம். விளக்கின் ஒளி போதாமல் இருக்கலாம். வயது முதிர்ந்தவருக்குக் கண்பார்வை மங்கியிருக்கலாம். எடை குறைந்துவிட்டதே என்ற கவலையில் சற்று அழுத்தி வெட்டியிருக்கலாம். கும்பலின் நடுவே நின்று, ‘இது என்ன வெட்டு?’ என்று கத்தும் மண்டோர், காயத்தைக் காண்கின்றார். காரணத்தைக் காண்பதில்லை. திறமையுள்ள மண்டோர் அம்மரத்தடிக்கே சென்று, உளியை வாங்கி விரலால் அதன் கூரைப் பார்க்கின்றார். தாமே இரண்டு மரம் வெட்டிக் காட்டுகின்றார். ஏனையோர் காதில் விழாதபடி சொல்ல வேண்டியதைச் சொல்கின்றார். வேலையைத் தாமே செய்து காட்டத் தெரியாதவர் கண்டிக்கும்போது அக்கண்டிப்பு வெறும் சத்தமாகவே கேட்கும். அதே வேளையில், எல்லாவற்றையும் தாமே செய்து காட்டிக்கொண்டே இருப்பவரும் மண்டோர் ஆகமாட்டார். அவர் சம்பளம் கூடுதலாகப் பெறும் ஒரு வெட்டாளர், அவ்வளவுதான். சிறந்த வெட்டாளர்களுள் பலர் மண்டோர் ஆனதும் தடுமாறுவது இங்கேதான். கை வேலையை விட்டுவிட மனம் வருவதில்லை.

மூன்றாவது இடம் பால் கொட்டகை. நாள் முழுதும் அடக்கி வைத்த கோபம் வெடிக்கும் இடம் தராசுக்கு முன்னேதான். பாலின் எடையோடு அதில் உள்ள உலர் ரப்பரின் அளவையும் பார்த்தே கணக்கு எழுதப்படுகின்றது. பொதுவாகப் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர், எஞ்சியதில் பெரும்பகுதி நீர். மழைநீர் மங்கில் விழுந்துவிட்டால் அளவு குறையும். வாளியில் நீர் கலப்பவரும் இல்லாமல் இல்லை. ஒருவர் செய்யும் தவறுக்காக மண்டோர் அனைவரையும் ஐயத்தோடு பார்க்கத் தொடங்கினால், நேர்மையானவர் மனம் முறிந்துவிடும். கணக்கு விளங்காத வெட்டாளருக்கோ, தராசு எப்போதும் தம்மை ஏமாற்றுவதாகவே தோன்றும். அளவுகோல் காட்டும் எண்ணை உரக்கப் படித்து, உரியவர் கண்ணால் பார்த்த பிறகே எழுதுவது என்ற ஒரு பழக்கம் எத்தனையோ சச்சரவுகளைத் தவிர்க்கும். இதற்குச் செலவாகும் நேரம் ஆளுக்குச் சில நொடிகளே. கணக்கு எவ்வாறு போடப்படுகின்றது என்பதை ஓய்வு வேளையில் ஒருமுறை கும்பலுக்கு விளக்கிவிட்டால் இன்னும் நல்லது. தம் கூலியின் கணக்கு தெரிந்தவர், மண்டோரைக் கேள்வி கேட்பார். அக்கேள்வியை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாத மனம் மண்டோருக்கு வேண்டும்.

நேற்று வரை ஒரே நிரையோரத்தில் அமர்ந்து தேநீர் அருந்தியவர் இன்று மேற்பார்வையாளர். இவ்வளவு நாள் ‘டேய்’ என்று அழைத்த நண்பனை எவ்வாறு அழைப்பது? அண்ணன் முறை உள்ளவரை எவ்வாறு கண்டிப்பது? வெளியுலகில் இதனைச் சிறிய செய்தி என்பார்கள். தோட்டத்தில் இது பெரிய செய்தி. புதிய மண்டோர் சிலர், மதிப்பைத் தேடித் திடீரென விறைப்பாகி, வயதில் மூத்தவரையும் ஒருமையில் அழைக்கத் தொடங்குகின்றனர். வேறு சிலர் பழைய நட்பை இழக்க அஞ்சி, எதையும் கேட்காமல் விட்டுவிடுகின்றனர். இரண்டு வழியும் கும்பலைக் கெடுக்கும். முறைப் பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. ‘அண்ணே, இந்த மரத்துக் காயம் இப்படியே போனால் நாளைக்கு உங்களுக்கே பால் இருக்காது’ என்று சொல்வதில் மரியாதையும் உள்ளது, கண்டிப்பும் உள்ளது. பெரியம்மா, அக்கா, மாமா என்ற சொற்கள் வேலைக்கு இடையூறு அல்ல. அச்சொற்களைச் சொல்லிக்கொண்டே சலுகை காட்டுவதுதான் இடையூறு. திருவள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரத்தையே வகுத்து, ஆளை ஆராய்ந்து வேலையை ஒப்படைப்பதற்குப் பத்துக் குறள் ஒதுக்கியுள்ளார். அன்பு வேறு, பொறுப்பை ஒப்படைக்கும் தகுதி வேறு என்ற சிக்கல் அரசர்களுக்கும் இருந்தது போலும்.

இன்றைய கும்பலில் முறைப் பெயரால் அழைக்க முடியாதவர்களே மிகுதி. இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர், தமிழ்நாட்டிலிருந்து வருவோர் எனப் பல நாட்டார் தோட்டங்களில் உழைக்கின்றனர். நம் மண்டோர் அவர்களிடம் மலாய் மொழியில் பேசுகின்றார். அவர்களுள் பலருக்கு அதுவும் புதிய மொழி. தலையசைப்பதால் விளங்கிவிட்டது என்று பொருளில்லை. சொன்னதைத் திருப்பிச் செய்துகாட்டச் சொல்வதே தக்க வழி. இவர்களுள் ஒருவர் கடன் வாங்கிக் கடல் கடந்து வந்தவர், ஊரில் உள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டியவர், மண்டோரின் முகம் கறுத்தால் அஞ்சுபவர். நம் பாட்டனாருடைய கதையும் இதுவே அல்லவா? கங்காணியின் முன் கைகட்டி நின்றவரின் பேரன், இன்று இன்னொருவரைக் கைகட்டி நிற்க வைக்கும் காட்சியைக் காண்பது வருத்தத்துக்குரியது. அரிதாக என்றாலும் அக்காட்சி உண்டு.

அது வருத்தத்தோடு நின்றுவிடும் செய்தியும் அன்று. வேலையாளரின் கடப்பிதழைப் பிடித்து வைத்தல், சம்பளத்தை நிறுத்தி வைத்தல், கடனால் கட்டிப் போடுதல், மிரட்டல் ஆகியவை கட்டாய உழைப்பின் அறிகுறிகளாக அனைத்துலகத் தொழில் நிறுவனத்தால் எண்ணப்படுகின்றன. இத்தகைய குற்றச்சாட்டின் பேரில், 2020ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில், நம் நாட்டின் மிகப் பெரிய செம்பனை நிறுவனங்களுள் ஒன்றின் பொருள்களை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. நிறுவனம் திருத்த நடவடிக்கைகள் எடுத்த பின்னர், 2023ஆம் ஆண்டில் தடை விலக்கப்பட்டது. வேலைக்காட்டின் ஒரு மூலையில் ஒருவர் எவ்வாறு நடத்தப்படுகின்றார் என்பது கடல் கடந்து சந்தையையே அடைத்துவிடக் கூடும் என்பதற்கு இது சான்று.

பெண் தொழிலாளர் பற்றித் தனியே ஒரு சொல் கூற வேண்டும். 1941இன் கோரிக்கைப் பட்டியலில் அவர்களுடைய மானம் பற்றிய வரி இருந்ததைக் கண்டோம். பாலியல் தொல்லை பற்றிய முறையீட்டை முதலாளி விசாரிக்க வேண்டும் என்ற விதி 2012இல் வேலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2022இல் பாலியல் தொல்லைத் தடுப்புக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. சட்டம் ஏட்டில் உள்ளது. ஆனால் தனித்த நிரையில், ஆள் அரவமற்ற இருளில், மரம் வெட்டும் பெண்ணுக்கு அருகில் இருப்பது மண்டோர் ஒருவரே. அவர் யாரை எந்த நிரைக்கு அனுப்புகின்றார், தனியே அனுப்புகின்றாரா, அடுத்த நிரையில் துணை இருக்குமாறு பார்த்துக்கொள்கின்றாரா என்பதெல்லாம் அவருடைய தலைமையைக் காட்டும். முறையீடு வரும்போது, ‘இதை வெளியே சொல்லாதே, தோட்டத்துக்கு மானக்கேடு’ என்று அடக்குபவர் தோட்டத்தின் மானத்தைக் காப்பவர் அல்லர்.

பாதுகாப்பிலும் இதே நிலைதான். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. நெடுங்காலம் அதனை முதுகில் சுமந்து தெளித்தவர்களுள் பெரும்பாலோர் பெண்களே. இன்று பயன்படும் மருந்துகளும் தீங்கற்றவை அல்ல. கையுறையும் முகக்கவசமும் வெப்பத்தில் பெருந்தொல்லை என்பது மெய். மண்டோர் தாம் அணியாமல் பிறரை அணியச் சொன்னால் எவரும் கேட்கமாட்டார். திருத்தப்பட்ட பணியிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதனை நீக்காவிடில், தொழிலாளி அவ்விடத்தை விட்டு அகலலாம் என அது கூறுகின்றது. இடி மின்னலுக்கு நடுவே, ‘இன்னும் பத்து மரம்தானே’ என்று சொல்லும் மண்டோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

மேலிடத்துக்கு உண்மை சொல்வதே எல்லாவற்றிலும் கடினமானது. மாதத்துக்கு இத்தனை டன் என்று இலக்கு வருகின்றது. பத்து நாள் மழை பெய்துவிட்டது. கும்பலில் நான்கு பேர் குறைவு. ‘ஆகட்டும்’ என்று தலையசைத்துவிட்டு வந்து, அச்சுமையைக் கும்பலின் தலையில் இறக்குவது எளிய வழி. அதன் பலன் நாம் முன்பு கணக்கிட்ட அரை மில்லிமீட்டரில் வந்து முடியும். மழை நாள் எத்தனை, வராதவர் எத்தனை பேர், காய்ந்த மரம் எத்தனை என்ற எண்களைக் குறிப்புப் புத்தகத்திலிருந்து எடுத்துக் காட்டி, ‘இவ்வளவே இயலும்’ என்று கூறும் மண்டோரின் சொல்லை நிர்வாகி அன்று விரும்பாமல் போகலாம். இரண்டு மூன்று மாதம் அவருடைய எண்கள் மெய்யானவை என்று கண்ட பிறகு, அவரைக் கேளாமல் இலக்கு வைக்க நிர்வாகி தயங்குவார். மனக்குறையாகச் சொல்லப்படுவது எளிதில் தள்ளப்படும். எண்ணாகச் சொல்லப்படுவதைத் தள்ளுவது அத்துணை எளிதன்று. ஐந்நூறு மரங்களுள் எத்தனை காய்ந்துவிட்டன என்பதை மாதம் ஒருமுறை நடந்து எண்ணுவதற்கு ஒரு முற்பகல் போதும். வெட்டாளர்களையே எண்ணித் தரச் சொன்னால் அதைவிட விரைவில் முடியும். தாம் எண்ணிக் கொடுத்தது அலுவலகத்தில் பேசப்பட்டது என்று கேட்கும்போது, அடுத்த மாதம் அவர்கள் கேளாமலேயே எண்ணி வருவர்.

இன்னொன்று. மண்டோர் விடுப்பில் செல்லும் நாளில் அக்கும்பல் எவ்வாறு நடக்கின்றது என்பதைக் கவனிக்கலாம். சில கும்பல்களில் அன்று பாதிப் பேர் வருவதில்லை. சில கும்பல்களில், பெயர் கூப்பிடவும், நிரை பிரிக்கவும், எடையைப் படிக்கவும் தெரிந்த இரண்டாமவர் ஒருவர் முன்வந்து நிற்கின்றார். அவர் பெரும்பாலும் அக்கும்பலில் அதிகம் பேசாதவராக இருப்பார். அவரை ஓராண்டுக்கு முன்பே கண்டுகொண்டு, குறிப்புப் புத்தகத்தை வாரம் ஒருமுறை அவர் கையில் கொடுத்து எழுதப் பழக்கியவர் அந்த மண்டோரே. பல தோட்டங்களில் அவ்விரண்டாமவர் இப்போது பெண்ணாக இருக்கின்றார். அடுத்த முறை மண்டோர் பதவிக்கு ஆள் தேடும்போது, அலுவலகம் அவருடைய பெயரைக் கேட்டிருக்குமா என்பது, இன்றைய மண்டோர் அதனை அங்கே சொல்லியிருக்கின்றாரா என்பதைப் பொறுத்தது.